எழுதிவைக்காத இசை, சொல்லிவைக்காத ஆட்டம்: எல்லையோர ஊர் அரங்கில் ஒரு மாலையை நடத்தும் முறை

என்ன வாசிப்பது, எப்படி ஆடுவது என்ற இரண்டை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் முன்னாலேயே முடிவு செய்து வைக்க வேண்டும். இந்த வகை நிகழ்ச்சிக்கான உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. "எல்லாம் மேடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்குகிற குழுக்கள் இசையில் தோற்பதில்லை. மின்விசிறிச் சத்தத்திலும், இரையும் ஸ்பீக்கரிலும், எப்போது நிறுத்துவது என்று தெரியாத கடைசிக் கால்மணி நேரத்திலும்தான் தோற்கின்றன.

இங்கே சொல்வது பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கொல்லங்கோடு பக்கத்து ஊர்களை மனதில் வைத்து. 200 முதல் 300 பேர் உட்காரக்கூடிய பஞ்சாயத்து மண்டபம், நூலக அரங்கு, பள்ளிக்கூட மேடை ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

மனோதர்மம், அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதும் ஆடுவதும், இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கச்சேரியில் நிரவலும் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் அந்த நேரத்தில் பிறப்பவை. தாயம்பகையில் செண்டைக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தன் கற்பனையைக் கட்டி எழுப்புகிறார். கதகளியின் இளகியாட்டத்தில் பாட்டு நின்றுவிடும். நடிகரின் கையும் கண்ணும் சொல்வதைச் செண்டையும் மத்தளமும் தொடரும். கூடியாட்டத்தில் மிழாவு என்ற பானை மேளம் வாசிப்பவர் நடிகரை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. ஆனால் இவை எல்லாவற்றிலும் ராகமோ தாளமோ கதையோ ஒன்று எல்லாரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாம் நடத்தப்போகும் மாலையில் அந்தப் பிடி கிடையாது. அதற்குப் பதிலாக நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, கைச்சைகை, முடிக்கும் முறை ஆகிய ஐந்தையும் நாமே பிடிகளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

யார், எத்தனை பேர்

ஆறு பேர் சரியான எண்ணிக்கை: நான்கு இசைக்காரர்கள், இரண்டு ஆட்டக்காரர்கள். ஏழு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் ஒருவர் செய்வதை மற்ற எல்லாரும் கேட்பது நடக்காது. அடுத்தவரைக் கேட்க முடியாதபோது ஒவ்வொருவரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். பத்து நிமிடத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

நால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் ஒலியின் அளவைப் பாருங்கள். செண்டை, தவில், பறை, கொம்பு, நாதஸ்வரம் எல்லாம் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. மூடிய அரங்கில் இவற்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதற்கும் மைக் வேண்டாம். மற்ற மூவரும் மெல்லிய ஒலிக்காரர்களாக இருக்கட்டும்: ஒரு புல்லாங்குழல் அல்லது வயலின், ஓர் இடக்கை (தோளில் தொங்கவிட்டு வாசிக்கும் உடுக்கை வடிவ மேளம்), ஒருவர் பாத்திரம், இரும்பு, மடிக்கணினி என்று கலந்து வைத்திருப்பவர். புள்ளுவன் குடம் வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் அவரை முதலில் கேளுங்கள். குடத்தில் கட்டிய தோலிலிருந்து போகும் நரம்பின் இழுவையைக் கூட்டிக் குறைத்து அவர் எடுக்கும் ஒலி எந்த மின்கருவியிலும் வராது.

பலத்த வாத்தியக்காரருக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். செண்டையைக் கோலில்லாமல் விரலால் வாசிக்கலாம். அதன் கனத்த ஒலி முகமான வலந்தலையை உள்ளங்கையால் தேய்க்கலாம். நாதஸ்வரத்தின் சீவாளியைத் தனியாகக் கழற்றி ஊதலாம். குழலில் வெறும் காற்றை மட்டும் விட்டுத் துளைகளை விரலால் தட்டலாம். பறையில் அடிக்குச்சியை வைத்துவிட்டுச் சிண்டுக்குச்சியால் மட்டும் ஓரத்தில் வாசிக்கலாம். மரபுக் கலைஞர்கள் முதல் நாள் தயங்குவார்கள், இரண்டாம் நாள் நாம் நினைக்காததைக் கண்டுபிடிப்பார்கள். கோயிலுக்குச் சொந்தமான வாத்தியத்தைக் கேட்காதீர்கள், கலைஞரின் சொந்தக் கருவி போதும். இடக்கையைத் தரையில் வைக்கும் வழக்கம் இல்லை, ஆகவே அதைத் தொங்கவிட ஒரு கொக்கியோ நிலையோ மேடையிலும் அணியறையிலும் வேண்டும். இதை வாத்தியக்காரர் வந்து கேட்கும்வரை விட்டுவைக்கக் கூடாது.

ஆட்டக்காரர்களில் ஒருவராவது களரி பயின்றவராக இருப்பது நல்லது. தாழ்ந்த நிலைகளும், விழுந்து எழுவதும், தரையில் உருள்வதும் அந்த உடம்புக்குப் பழக்கம். பரதமோ மோகினியாட்டமோ பயின்றவருக்கு முதுகைப் பார்வையாளர் பக்கம் காட்டுவதே ஒரு தடை. அதை ஒத்திகையில் உடைக்கலாம்.

தேதி

தை பிறந்தால் சித்திரை முடியும்வரை இங்கே வேலா, பூரம் என்னும் கோயில் திருவிழாக்களின் காலம். நெம்மாறை வல்லங்கி வேலா பங்குனியில் வருகிறது. அந்த மாதங்களில் செண்டை, கொம்பு, இலத்தாள (கைத்தாள)க்காரர் யாரும் கிடைக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வாய் வராது. மார்கழியிலும் தையிலும் கணவாய் வழியாக வரும் வறண்ட கிழக்குக் காற்று ஜன்னலை அடிக்கும், தகர ஓரத்தைப் படபடக்க வைக்கும்.

ஆடி மாதம் செண்டைக்காரர்கள் ஓய்வாக இருக்கிறார்கள். மழைதான் பிரச்சினை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்பதால் மாவட்டத்தின் மேற்கைப் போலக் கொட்டாது. ஆனாலும் தகரக் கூரை போட்ட மண்டபத்தை ஆடியில் எடுக்கவே கூடாது, சிறு தூறல்கூட மெல்லிய ஒலியை மூடிவிடும். கான்கிரீட் கூரை இருந்தால் தைரியமாக எடுக்கலாம். பம்பை, உடுக்கை, பறைக்காரர்களுக்கு ஆடி வெள்ளியும் ஞாயிறும் அம்மன் கோயில் வேலை இருக்கும், அதனால் புதன் அல்லது வியாழன் பாருங்கள். ஆடி வேண்டாம் என்றால் ஓணம் முடிந்து நவராத்திரி தொடங்கும் முன் உள்ள நாட்கள் அடுத்த தேர்வு.

நேரம் மாலை 6.30. பொள்ளாச்சிப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் போகும் கடைசி பஸ் நேரத்தை விசாரித்து, அதற்கு அரை மணி முன்னால் முடியும்படி வையுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் பஸ்ஸுக்காகப் போகிறவர்கள்தான்.

அரங்கைப் பார்க்கப் போகும்போது

மாலை ஆறரைக்கே போய்ப் பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் மண்டபத்துக்குப் பக்கத்தில் மாலையில் பள்ளிவாசல் பாங்கும் கோயில் ஒலிபெருக்கியும் மார்க்கெட் லாரியும் வரலாம். இவற்றை நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது. எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொண்டு நிகழ்ச்சியின் மெல்லிய பகுதியை அதற்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

மேடை நடுவில் நின்று ஒரே ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். ஒலி இரண்டு நொடிக்கு மேல் தங்கினால் தோல் வாத்தியம் குழம்பும். தட்டியபின் "டர்ர்" என்று வேகமாக அதிர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். கல்யாண மண்டபங்களில் இரண்டும் இருக்கும். பின்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் தடித்த ஜமுக்காளங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் பாதிக் குறை தீரும். ஆட்கள் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் குறையும்.

அடுத்து தரை. இங்குள்ள பெரும்பாலான மேடைகள் சிமெண்ட் அல்லது டைல்ஸ். அதில் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் போகும், விழுந்து உருள முடியாது. தச்சரிடம் சொல்லி 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகளைப் பரப்பி, கீழே ஓரடிக்கு ஒன்றாக ரப்பர் துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள். பலகைகளின் இணைப்பில் மேடுபள்ளம் இருக்கக் கூடாது. மேலே ஆட்டத்துக்கான வினைல் விரிப்பை விரித்து ஓரங்களைத் துணி டேப்பால் ஒட்ட வேண்டும். விரிப்பு கிடைக்காவிட்டால் பலகையை உப்புத்தாளால் தேய்த்தாலே போதும். பந்தல்காரர் தரும் சிவப்புக் கம்பளம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது வழுக்கும், சுருண்டு காலைத் தடுக்கும், பாதத்தைச் சுடும்.

ஆட்டத்துக்கு 20 அடிக்கு 20 அடி வெற்றிடம் தேவை. இசைக்காரர்களுக்கு மேடையின் ஒரு பக்கத்தில் 8 அடி அகலம் போதும். கச்சேரி போல எல்லாரும் பார்வையாளரைப் பார்த்து வரிசையாக உட்காரக் கூடாது. பிறை வடிவில் உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரும் ஆட்டக்காரரும் தெரிவார்கள். கண்ணுக்குத் தெரியாதவரோடு சேர்ந்து முடிக்க முடியாது.

அனுமதி விஷயம் சுருக்கம்தான்: மண்டப முன்பதிவு ரசீது, காவல் நிலையத்தில் மைக் அனுமதி. 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை நம்பி நேரத்தை நீட்ட வேண்டாம்.

ஒத்திகை

ஒத்திகையில் நிகழ்ச்சியைத் தயாரிக்க முடியாது, காதைத் தயாரிக்கலாம். இரண்டு மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், அவற்றில் கடைசி அரங்கிலேயே நடக்கட்டும். முதல் அமர்வுக்கு வரும்போதே சுருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் குழலும் வயலினும் ஸட்ஜத்தை விட்டு நகராது, கூடவே ஒரு ராகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் பயிற்சி, ஒரு மூச்சுக்கு ஓர் ஒலி. வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொருவரும் தன் மூச்சு வெளிவிடும் நேரத்துக்கு மட்டும் ஓர் ஒலி எழுப்ப வேண்டும். அடுத்த மூச்சில் சும்மா இருக்க வேண்டும். தோல் வாத்தியக்காரர் தேய்த்தோ உருட்டியோ ஒரு மூச்சு நீளத்தை நிரப்பட்டும். பத்து நிமிடம். இது அவசரத்தைக் குறைக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு. ஐந்து நிமிடத்துக்கு ஒவ்வொருவருக்கும் பத்தே பத்து ஒலிகள், ஆட்டக்காரருக்குப் பத்தே பத்து அசைவுகள். முதல் தடவை எல்லாரும் இரண்டு நிமிடத்தில் கையிருப்பைத் தீர்த்துவிட்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நிமிடத்துக்கு இரண்டு ஒலியாவது மிச்சம் வைக்கிறவர் ஒருவர் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நான்கு அமர்வுகளிலும் இதைச் செய்ய வேண்டும், இதைவிடப் பயன் தரும் பயிற்சி வேறு இல்லை.

மூன்றாவது, இருவர் இருவராக. ஆறு பேருக்குப் பதினைந்து இணைகள் வரும். இணைக்கு மூன்று நிமிடம் என்றால் 45 நிமிடம். மற்ற நால்வரும் பேசாமல் பார்க்க வேண்டும். எந்த இருவர் சேர்ந்தால் உயிர் வருகிறது, எந்த இருவர் ஒருவரை ஒருவர் விழுங்குகிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும். முதல் பகுதிக்கு ஆட்களைப் பிரிப்பது இதை வைத்துத்தான்.

நான்காவது, இசைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கால் வைப்பது நம் ஊர் ஆட்டக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தாளச் சொல் கொடுப்பது வாத்தியக்காரருக்கு அப்படி. இரண்டும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் பார்வையாளருக்குச் சலித்துவிடும், அடுத்தது என்னவென்று அவருக்கே தெரியும். ஆகவே மூன்று உறவுகளைத் தனித்தனியாகப் பழகுங்கள்: சேர்ந்து போவது, எதிர்த்துப் போவது, கண்டுகொள்ளாமல் போவது. மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை உறவின் பெயரைச் சொல்லி மாற்றட்டும். கண்டுகொள்ளாமல் போவதுதான் கடினம். பறை வேகமெடுக்கும்போது ஆட்டக்காரர் அசையாமல் நிற்பதற்கு மிகுந்த பலம் வேண்டும். அது நடக்கும் இடத்தில்தான் அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

ஐந்தாவது, முடிப்பது. ஒரு நிமிடம் வாசித்து, யாரும் சைகை காட்டாமல் நிறுத்த வேண்டும். இதையே இருபது முறை. ஒலி நின்றபின் மூன்று மூச்சு நேரம் யாரும் எதுவும் செய்யாவிட்டால் முடிந்தது என்று பொருள், அதன்மேல் ஒருவரும் "இன்னும் ஒன்று" சேர்க்கக் கூடாது. மிருதங்கமோ தவிலோ பயின்றவர் கையை அறியாமலே மோரா (மூன்று முறை வரும் முடிப்புச் சொற்கட்டு) வைத்துவிடுவார். மூன்றாவது முறை அது வரும்போது எல்லாரும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) விழுவார்கள், பார்வையாளர் கைதட்டுவார்கள், பகுதி அங்கேயே இறந்துவிடும். மூன்றில் இரண்டோடு நிறுத்தச் சொல்லிப் பழக்குங்கள்.

இரு ஆட்டக்காரர்களும் ஒருவர் மீது ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் முறையை அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972 இல் தொடங்கிவைத்தார். அதைச் சேர்க்க விரும்பினால் முதல் அமர்விலிருந்தே பழக வேண்டும். எங்கே தொடலாம், எங்கே கூடாது, யார் யாரைத் தூக்கலாம் என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யட்டும். ஒருவருக்கு மனமில்லை என்றால் தொடாமல் ஆடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. எடையை இடுப்பெலும்பிலும் தோள்பட்டையிலும் வாங்க வேண்டும், கழுத்திலும் மணிக்கட்டிலும் வாங்கக் கூடாது. அன்று உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது, பிடி வழுக்கும், தரையும் வழுக்கும்.

மாலையின் வரைபடம்

முதலில் 12 நிமிடம், ஓர் இசைக்காரரும் ஓர் ஆட்டக்காரரும், மிக மெதுவாக. அடுத்து 20 நிமிடம் மூன்று இசைக்காரரும் மற்ற ஆட்டக்காரரும். 10 நிமிடம் இடைவேளை. பின் 25 நிமிடம் ஆறு பேரும், கைச்சைகையோடு. கடைசியில் 8 நிமிடம், மைக் முழுவதையும் அணைத்துவிட்டு. மொத்தம் 75 நிமிடம். இதைவிட நீண்டால் முதல் தடவை வரும் பார்வையாளருக்குக் காது களைத்துவிடும்.

நேரத்தை மேடையில் இருப்பவர்கள் உணர்ந்து சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் இரண்டாகவும் பதினைந்தாகவும் தோன்றும். சைடு விங்கில் ஓர் ஆள் "5", "1" என்று பெரிதாக எழுதிய அட்டையைக் காட்டட்டும். "1" கண்டதும் புதிய எண்ணத்தைத் தொடங்கக் கூடாது.

சைகை காட்டி ஒரு குழுவை அந்த நேரத்தில் இயக்கும் முறையை அமெரிக்கரான புட்ச் மோரிஸ் 1985 இலிருந்து கண்டக்‌ஷன் என்ற பெயரில் வளர்த்தெடுத்தார். அவரது சைகைத் தொகுதி பெரியது. நமக்கு ஐந்து போதும்: மூடிய முஷ்டி என்றால் இந்த மூச்சோடு நிறுத்து. உள்ளங்கை தாழ்ந்தால் ஒலியைக் குறை. ஒருவரை விரல் காட்டினால் அவர் மட்டும். விரல் வட்டமிட்டால் இப்போது செய்ததையே திரும்பச் செய். தலையில் கை வைத்தால் ஒலி எல்லாம் நிற்கும், ஆட்டம் மட்டும் தொடரும். சைகை காட்டுபவர் ஒரே ஆள், அவர் அந்த 25 நிமிடத்தில் வாசிக்க மாட்டார். சைகை காட்டியும் ஒருவர் நிறுத்தவில்லை என்றால் திரும்பத் திரும்பக் காட்டக் கூடாது, மற்றவர்களை நிறுத்துங்கள். தனித்து விடப்பட்டதும் அவரே கேட்பார்.

ஒலி

மைக் செட்காரரிடம் முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டியது: இது கல்யாணக் கச்சேரி அல்ல, எக்கோ வேண்டாம், பேஸ் ஏற்ற வேண்டாம். 250 பேர் அரங்குக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும், எட்டு இணைப்புள்ள மிக்சரும் போதும். ஸ்பீக்கர்கள் எல்லா மைக்குக்கும் முன்னால், மேடை விளிம்பில் இருக்க வேண்டும். மைக் ஸ்பீக்கரின் ஒலியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஊளை வருகிறது. ஆட்டக்காரர் மைக் அருகே கடக்கும்போது அவர் உடம்பில் ஒலி பட்டுத் திரும்பி மைக்கில் விழுந்து, அதுவரை இல்லாத ஊளை திடீரென்று கிளம்பும். ஆகவே சவுண்ட் செக் செய்யும்போது மைக் முன்னால் ஒருவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒலியை மெல்ல ஏற்றி, எந்தச் சுரத்தில் ஊளை பிறக்கிறதோ அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் 3 முதல் 6 டெசிபல் குறைக்க வேண்டும். மொத்தத்தையும் குறைத்தால் மெல்லிய ஒலி போய்விடும்.

குழலுக்கும் வயலினுக்கும் ஆளுக்கொரு மைக், இடக்கைக்கு ஒன்றரை அடி தள்ளி ஒன்று. மிச்சம் ஒட்டு மைக்குகள், அதாவது ஒட்டிய பொருளின் அதிர்வை எடுப்பவை. 27 மில்லிமீட்டர் பித்தளைப் பீசோ வட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும். கவசமுள்ள கம்பியைப் பற்றவைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, எவர்சில்வர் தட்டிலோ தகர டின்னிலோ சைக்கிள் சக்கரத்திலோ ஒட்டலாம். வாத்தியத்தின் தோலில் ஒட்டாதீர்கள். பசை தோலைக் கெடுக்கும், எடை நாதத்தைக் கொல்லும். பீசோவை நேராக மிக்சரில் செருகினால் தகரச் சத்தம்தான் வரும், அடி ஒலி இருக்காது. பீசோவின் மின்தடை மிக அதிகம், மிக்சரின் உள்வாங்கும் தடை குறைவு என்பதுதான் காரணம். நடுவில் ஒரு மெகா ஓம் உள்ளீடுள்ள டி.ஐ. பெட்டியோ (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) ப்ரீ-ஆம்போ வைத்தால் முழு ஒலி வரும்.

அப்படி ஒன்றை மேடைப் பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆட்டக்காரர் பாதத்தை இழுப்பதும் விழுவதும் எழுவதும் ஒலியாக அரங்குக்குள் வரும். சலங்கை இல்லாமலே அவர் ஐந்தாவது இசைக்காரர் ஆகிவிடுவார். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே பலகைத் தளம் போடலாம்.

ஸ்பீக்கரில் தொடர்ந்து "ம்ம்ம்" என்று இரைந்தால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மிக்சர், ஸ்பீக்கர், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் ஒரே பிளக்கிலிருந்து மின்சாரம் எடுங்கள். மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள். மைக் கம்பியையும் விளக்குக் கம்பியையும் பக்கம் பக்கமாக ஓடவிடாதீர்கள், குறுக்கே வெட்டிப் போக வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகப் போகட்டும். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் பல மைக் செட்காரர்களிடம் இருக்கிறது. வியர்த்த வெறுங்கால் ஆட்டக்காரர்கள் இருக்கும் மேடையில் அது உயிருக்கு ஆபத்து. ஒருபோதும் விடாதீர்கள்.

மடிக்கணினியிலோ பெடலிலோ ஒரு துண்டைச் சுற்றவிடுபவருக்கு ஒரு விதி: 40 நொடிக்கு மேல் ஒரே சுற்று ஓடக் கூடாது. ஓடினால் அதன் காலப்பிரமாணத்துக்குள் எல்லாரும் சிக்கிக்கொள்வார்கள்.

ஈரக் காற்றில் பறையின் தோல் தளரும். மண்டபத்துக்குள் தீ மூட்டக் கூடாது, முற்றத்தில் ஓலையிலோ வைக்கோலிலோ காய்ச்சி உடனே உள்ளே கொண்டுவாருங்கள். ஆடியில் அது சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் பறை வரும் பகுதியை இடைவேளைக்குப் பின் வைப்பது வசதி, இடைவேளையில் மறுபடி காய்ச்சலாம். பிளாஸ்டிக் தோல் போட்ட இன்னொரு பறையை மாற்றுக்கு வையுங்கள்.

விளக்கு

ஆட்டத்துக்கு முன்விளக்கைவிடப் பக்கவிளக்கு முக்கியம். முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் உடம்பு தட்டையாகத் தெரியும், பக்கத்திலிருந்து வந்தால் முதுகின் வளைவும் தசையும் தெரியும். எட்டு எல்.இ.டி. பார் விளக்குகள் போதும். ஒவ்வொரு பக்கமும் முழங்கால், மார்பு, தலைக்கு மேல் என்று மூன்று உயரங்களில் மூன்று, முன்னால் மங்கலாக இரண்டு. வெண்மையும் இளமஞ்சளும் போதும். சுழலும் கலர் விளக்கு வேண்டாம். வாடகைக்கு எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஏற்றி அதன் உள்விசிறி இரைகிறதா என்று கேளுங்கள்.

விளக்கு இயக்குபவரும் மனோதர்மக்காரர்தான். குறைந்தது இரண்டு ஒத்திகைக்கு அவர் வர வேண்டும். 20 நொடிக்குள் முடியும் மாற்றம் எதுவும் செய்யக் கூடாது, முழு இருட்டு முடிவுக்கு மட்டும். ஆர்வத்தில் நடுவில் இருட்டாக்கினால் முடிந்தது என்று எண்ணிக் கைதட்டிவிடுவார்கள்.

மின்வெட்டுக்குத் திட்டம் வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் மண்டபத்தின் பின்னால் 100 அடி தள்ளி, நடுவில் சுவர் இருக்கும்படி. மின்சாரம் போனால் வாசிப்பை நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே பேசிவையுங்கள். மேடை ஓரத்தில் பேட்டரி விளக்கு இரண்டு தயாராக இருந்தால் மைக்கில்லாமல் தொடரலாம்.

அன்றைய நாள்

காலை 10 மணிக்குப் பலகை, விரிப்பு. 12க்கு விளக்கு. 2க்கு ஒலி. 4 மணிக்கு ஆட்டக்காரர்கள் வெறுங்காலோடு மேடை முழுக்க நடந்து ஆணி, ஸ்டேப்ளர் பின், டேப் பிசிறு தேடுவார்கள். பின் ஈரத்துணியால் துடைத்து, அதன்பிறகு யாரும் செருப்போடு ஏறக் கூடாது. 5 மணிக்கு 40 நிமிடம் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி. மைக் இருக்கும் எல்லையை வெள்ளை டேப்பால் குறியுங்கள். கம்பிகள் பின்திரை ஓரமாக ஓடட்டும். மாலையில் ஒருவரும் "சும்மா ஒரு தடவை" வாசித்துப் பார்க்கக் கூடாது. ஐந்து மணிக்கு நன்றாக அமைந்ததை ஏழு மணிக்குத் திரும்ப எடுக்க முயல்வார்கள், அது வராது.

பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் கிறீச்சிடும். முன்வரிசைகளுக்கு ஜமுக்காளம் விரித்துவிடுங்கள், குழந்தைகளும் பாட்டிமார்களும் அங்கே வசதியாக உட்காருவார்கள். சிப்ஸ் பாக்கெட் உள்ளே வேண்டாம், டீயும் பழம்பொரியும் இடைவேளையில் வெளியே. மின்விசிறியை முதல் 12 நிமிடமும் கடைசி 8 நிமிடமும் மட்டும் அணையுங்கள், அதை முன்கூட்டியே சொன்னால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும், ஒவ்வொன்றிலும் நான்கைந்து வாக்கியம். எவ்வளவு நேரம், எப்போது இடைவேளை, இங்கே நடக்கப்போவது எதுவும் முன்பே எழுதப்படவில்லை, நடுவில் அமைதி வரும், அது முடிவல்ல, போனை அணைத்துவிடுங்கள். "இதன் பொருள் என்ன" என்று விளக்க உட்காராதீர்கள். விளக்கம் கேட்ட பார்வையாளர் விளக்கத்தைத் தேடிக்கொண்டே பார்ப்பார். சன்மானம் ஆறு பேருக்கும் விளக்குக்காரருக்கும் சமமாக இருக்கட்டும். மரபு வாத்தியக்காரருக்குக் குறைவாகவும் நகரத்திலிருந்து வந்தவருக்குக் கூடுதலாகவும் கொடுப்பது அநியாயம், அடுத்த முறை அவர் வரவும் மாட்டார்.

நடுவில் கெட்டுப்போனால்

எல்லாரும் சேர்ந்து சத்தத்தின் உச்சியில் மாட்டிக்கொள்வதுதான் அடிக்கடி நடப்பது. வெளியே வரும் வழி, அதிகச் சத்தம் போடுபவர் நிறுத்துவது. இதை முன்பே அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்: "மற்றவர் ஒலி உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் நிறுத்துங்கள்." ஆட்டக்காரர்கள் நடுமேடையிலேயே சுற்றினால் விளக்குக்காரர் ஒரு மூலையை மட்டும் ஏற்றி நடுவை மங்கலாக்கினால் போதும், உடம்பு வெளிச்சத்தைத் தேடிப் போகும். குழல் மோகன ராகத்தில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். மற்றவர்கள் சுருதி சேராத ஒலிகளோடு பக்கத்தில் நின்றால் அவராகவே வெளியே வருவார். யாரிடமும் எதுவும் பிறக்காத வறட்சி வந்தால் அசையாமல் இருங்கள். பதற்றத்தில் அவரவர் கைவந்த வித்தையைக் காட்டத் தொடங்குவதுதான் அந்த இடத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது வரிசை நடுவில், ஆறடி உயரத்தில் ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டரை வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவு. பதிவை மறுநாளே கேட்டால் ஞாபகம்தான் கேட்கும். ஒரு வாரம் கழித்து ஆறு பேரும் சேர்ந்து, நிறுத்தாமல், பேசாமல் ஒரு தடவை கேளுங்கள். ஆளுக்கொரு தாளில் இரண்டு நிமிடங்களை மட்டும் குறிக்க வேண்டும்: நான் நிறுத்தியிருக்க வேண்டிய நிமிடம், அடுத்தவரை நான் கேட்காத நிமிடம். இரண்டு பேர் குறித்த நிமிடம் ஒத்துப்போனால், அடுத்த மாலைக்கான முதல் ஒத்திகையை அந்த இருவரின் மூன்று நிமிட இணைப் பயிற்சியோடு தொடங்குங்கள்.